பழுப்புத் தண்ணீர்

மீன் வளர்ப்பவர்களிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. மீன் எப்படி இருக்கிறது என்று யாராவது மரியாதைக்குக் கேட்டால், தண்ணீர் எப்படி இருக்கிறது என்று சொல்லத் தொடங்கிவிடுவார்கள். தண்ணீரின் புளிப்பு, தண்ணீரின் சூடு, தண்ணீரின் நிறம். கேட்ட மனிதர் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்று, கடைசியில் பஸ் வந்துவிட்டது என்று பொய் சொல்லித் தப்பிப்பார். நானும் அப்படி நிறையப் பேரை பஸ்ஸுக்கு விரட்டியிருக்கிறேன். இப்போது அந்தப் பழக்கம் ஓரளவு குறைந்திருக்கிறது. அதற்குக் காரணம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம்.

அப்போது எனக்குக் கல்யாண வயது. (அம்மாவைக் கேட்டால் அது தாண்டிப் போயிருந்தது என்பார்.) சிங்கப்பூரின் கிழக்கே பிடோக்கில் அப்பா அம்மாவுடன் இருந்தேன். ஒரு சரக்கு நிறுவனத்தில் வேலை. பக்கத்து மேசையில் ஜெரோம். முதலில் சாப்பாட்டு நேரத்தில் பேசிக்கொண்டோம், அப்புறம் பேசிப் பேசிச் சாப்பாட்டு நேரத்தைத் தாண்டினோம், அப்புறம் மேலாளர் இருவரையும் கூப்பிட்டுப் பேசினார். கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று நாங்கள் முடிவு செய்தபோது ஒரே ஒரு சிக்கல்தான் இருந்தது. எங்கள் வீட்டில் முருகன், அவர்கள் வீட்டில் இயேசு.

இரண்டு வீட்டிலும் யாரும் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் சீக்கிரமாகவே ஒரு முடிவு தெரிந்திருக்கும். இரண்டு வீட்டாரும் பெருந்தன்மையாக நடந்துகொள்வது என்று தீர்மானித்துவிட்டார்கள். "அவங்க வழக்கம் எதுவா இருந்தாலும் நாம மதிக்கணும்" என்று அப்பா சொன்னார். அதே வாக்கியத்தை ஊரின் மறுகோடியில் பூன் லேயில் ஜெரோமின் அப்பாவும் சொன்னதாகக் கேள்வி. இப்படித் தூரத்திலிருந்தே ஒருவரை ஒருவர் மதித்துக்கொண்டு ஒரு வருடத்தை ஓட்டினார்கள். யாரும் யார் வீட்டுக்கும் போகவில்லை.

அந்த வருடத்தில் எனக்குப் பொழுது போகவில்லை. அதனால் மீன் வாங்கினேன்.

ஹார்லிக்வின் ரஸ்போரா என்று பெயர். பெயர்தான் நீளம், மீன் கட்டைவிரலில் பாதிதான் இருக்கும். செம்பு நிற உடம்பு. நடுவயிற்றிலிருந்து வால் வரைக்கும் ஒரு கறுப்பு முக்கோணம், யாரோ ஒரு சமோசாவைக் கருக்கி ஒட்டவைத்தது மாதிரி. தனியாக விட்டால் பயந்தே செத்துவிடும் என்று கடைக்காரர் சொன்னதால் ஒரு டஜன் வாங்கினேன். எப்போதும் கூட்டமாகத்தான் போகும். ஒன்று திரும்பினால் எல்லாம் திரும்பும், ஒன்று நின்றால் எல்லாம் நிற்கும். (பந்தி தொடங்கிவிட்டது என்று யாரோ சொன்னதும் எங்கள் உறவினர்கள் எழுந்து போவதும் இப்படித்தான்.)

தொட்டியை என் ரசனைப்படி அலங்கரித்தேன். நீலக் கூழாங்கல், பிளாஸ்டிக் கோட்டை, வாயைத் திறந்து குமிழி விடும் ஒரு முதலை, மேலே பல் மருத்துவர் வைத்திருப்பது போன்ற வெள்ளை விளக்கு. மீன்கள் வெளுத்துப்போய் கோட்டைக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டன. கடைக்காரர் கறுப்பு முக்கோணம் என்று காட்டியது சாம்பல் முக்கோணமாக ஆகியிருந்தது. இவை ஏதோ குளிர்நாட்டு மீன்கள், நம் ஊர் வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று நான் நினைத்தேன். மின்விசிறியைத் தொட்டிப் பக்கம் திருப்பி வைத்தேன்.

ஜெரோம்தான் கைப்பேசியில் தேடிப் பார்த்து, அவை எந்த நாட்டிலிருந்தும் வரவில்லை என்று சொன்னான். இதே ஊர்தான். மலேசியா, சுமத்ரா, சிங்கப்பூர் என்று இந்தப் பக்கத்துச் சதுப்புக் காட்டு ஓடைகளில் வாழ்கிற ஜாதி. என் கொள்ளுத்தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறுவதற்கு முன்பே இங்கே குடியிருந்தவை. வந்து குடியேறிய நான், மண்ணின் மைந்தர்களுக்கு மின்விசிறி போட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை நீர்த்தேக்கத்தை ஒட்டிய காட்டுக்குள் போனோம். மரப்பலகைப் பாதைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஓடை. தண்ணீர் பால் ஊற்றாத தேநீர் நிறம். அடியில் இலைகள் அடுக்கடுக்காகக் கிடந்தன, மேலே மரங்கள் வெளிச்சத்தை முக்கால்வாசி மறைத்திருந்தன. முதலில் ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் அசையாமல் நின்ற பிறகு, இருட்டுக்குள் சின்னச் சின்னதாகச் செம்பு மினுங்கியது. அந்தக் கூட்டம் ஒரே மாதிரி வலப்பக்கம் திரும்பி, ஒரே மாதிரி நிழலுக்குள் போனது. அவை எந்த மீன்கள் என்று உறுதியாகச் சொல்ல எனக்கு அன்றும் அறிவில்லை, இன்றும் இல்லை. எங்கள் மீன்கள்தான் என்று இருவரும் முடிவு செய்துகொண்டோம். எனக்கு அன்று மிகவும் சந்தோஷமாக இருந்தது. கல்யாணம் நடக்காமல் போய்விடுமோ என்ற பயத்தை அந்த ஒரு மணி நேரம் மறந்தே போனேன்.

அந்தத் தண்ணீரில் அழுக்கு கிடையாது. காட்டு இலைகள் உதிர்ந்து ஊறி ஊறி இறங்கிய சாயம் அது. அந்தச் சாயமும் அந்த அரை இருட்டும் இருந்தால்தான் இந்த மீன்களுக்கு நிறமே வரும். முட்டையைக்கூட இலையின் அடிப்பக்கத்தில்தான் இடும், அதுவும் தலைகீழாகக் கவிழ்ந்து. இதையெல்லாம் தெரிந்துகொண்டதும் எனக்குப் பேய் பிடித்துவிட்டது. கோட்டையையும் முதலையையும் தூக்கி எறிந்தேன். பிடோக்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே கார் நிறுத்துமிடத்தில் ஒரு கெத்தாப்பாங் மரம் உண்டு. கொள்ளுத்தாத்தாவின் ஊரில் நாட்டு வாதாம் என்பார்கள். உள்ளங்கையைவிடப் பெரிய இலைகள், காய்ந்தால் செக்கச் சிவந்து உதிரும். தினமும் வேலை முடிந்து வந்து, அலுவலக உடையிலேயே குனிந்து குனிந்து அவற்றைப் பொறுக்கினேன். அம்மா கீழே இறங்குவதை நிறுத்திக்கொண்டார்.

இலையைக் கழுவி, குக்கரில் போட்டுக் கொதிக்கவைத்து, வடிகட்டி, ஆறவைத்தால் அருமையான பழுப்புச் சாயம் கிடைக்கும். அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டியில் விட வேண்டும். மிச்சத்தை பிரிட்ஜில் வைத்துக்கொள்ளலாம். தீபாவளி நேரத்தில் சிராங்கூன் ரோட்டில் ஒரு கடையில் அம்மா ஜோடியாக வாங்கிய இரண்டு பிளாஸ்டிக் ஜக்குகள் இருந்தன. இரண்டுக்கும் நீல மூடி. ஒன்றை நான் எடுத்துக்கொண்டேன். பிரிட்ஜ் கதவுத் தட்டில் இடது பக்கம் என் இலைத்தண்ணீர், வலது பக்கம் வீட்டார் குடிக்கும் எதுவோ. இதுதான் ஒப்பந்தம். மேலே ஒரு துண்டுச் சீட்டு ஒட்டு என்று அம்மா சொன்னார். எது எது என்று எனக்குத் தெரியாதா என்று நான் கேட்டேன்.

மீன்கள் பதினைந்து நாளில் நிறம் ஏறிப் பளபளத்தன. அதே சமயம், ஈஸ்டரும் முடிந்து தமிழ்ப் புத்தாண்டும் முடிந்த கையோடு, ஜெரோம் வீட்டிலிருந்து தகவல் வந்தது. வரும் ஞாயிறு பூசை முடித்து நேராக எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள்.

ஜெரோமின் அம்மா பிலோமினா ஆன்ட்டியைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். மருத்துவமனையில் வார்டு சிஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு ஆளைப் பார்த்தால் முதலில் நகத்தின் நிறத்தைப் பார்ப்பார். அவர் சரி என்றால் கல்யாணம், அவர் வேண்டாம் என்றால் வேண்டாம், அம்மாவை மீறி என்னால் எதுவும் செய்ய முடியாது என்று ஜெரோம் என்னிடம் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லியிருந்தான். ஆக, அந்த ஞாயிற்றுக்கிழமையில்தான் எல்லாம் இருந்தது.

சனிக்கிழமை அம்மா லிட்டில் இந்தியாவுக்குப் போய்ப் பாதிக் கடையை வாங்கி வந்தார். வெயில் அப்படிக் கொளுத்தியதால் வருகிறவர்களுக்குச் சூடாக எதுவும் வேண்டாம், ஜில்லென்று இஞ்சித் தேநீர் கொடுக்கலாம் என்று முடிவானது. பால் இல்லாமல், இஞ்சி தட்டிப் போட்டு, சீனியைத் தாராளமாகக் கொட்டி, வலது பக்க ஜக்கில் நிரப்பி வைத்தார். பிறகு அப்பா மல்லிகைச் சரத்துக்கு இடம் பண்ணுவதற்காக பிரிட்ஜைக் காலி செய்து மறுபடி அடுக்கினார். அப்பாவுக்கு எங்கள் ஒப்பந்தம் தெரியாது.

ஞாயிறு காலை அம்மா வீடு முழுக்கச் சாம்பிராணி போட்டிருந்தார். புகையில் அப்பா எங்கே இருக்கிறார் என்று இருமலை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடிந்தது. வருகிறவர்களுக்கு என் தொட்டி அசல் சதுப்பு ஓடையாகத் தெரிய வேண்டும் என்று எனக்கு ஆசை. கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டியதை அன்று மட்டும் மொத்தமாக விடலாம் என்று தோன்றியது. இடது பக்க ஜக்கை எடுத்து, சரசரவென்று முழுவதும் ஊற்றினேன். நிறம் பிரமாதமாக வந்தது. காலி ஜக்கைக் கழுவிக் கவிழ்த்தேன். அதைப் பார்த்த அம்மா, ஒருவழியாக அந்தக் குப்பைத் தண்ணியைக் கொட்டித் தொலைத்தாளே என்று நிம்மதியடைந்ததாகப் பிற்பாடு சொன்னார்.

மதியம் மூவரும் வந்தார்கள். பூன் லேயிலிருந்து பிடோக்குக்கு ரயிலில் ஊரையே குறுக்காகக் கடந்து வந்த களைப்பு முகத்தில் இருந்தது. ஜெரோம் கையில் கேக். அவன் அப்பா சூசை அங்கிள் அதிகம் பேசாதவர், சோபாவின் நுனியில் உட்கார்ந்தார். பிலோமினா ஆன்ட்டி வாசலில் செருப்பைக் கழற்றும்போதே என் நகத்தைப் பார்த்துவிட்டார். முருகன் படத்துக்கு முன்னால் அங்கிள் கை கூப்பினார். அவர் கழுத்துச் சிலுவையைப் பார்த்து அப்பா அதைவிட நீளமாகக் கை கூப்பினார். பெருந்தன்மை அறை முழுக்கச் சாம்பிராணிக்குப் போட்டியாகப் பரவியது.

அம்மா கண்ணாடி டம்ளர்களில் ஐஸ் போட்டு, பிரிட்ஜில் இருந்த ஒரே ஜக்கிலிருந்து ஊற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு புதினா இலையை மிதக்கவிட்டுத் தட்டில் கொண்டுவந்தார். வந்தவர்கள் குடிக்காமல் வீட்டுக்காரர்கள் குடிப்பது எங்கள் வீட்டில் கிடையாது. ருசி பார்த்தால் எச்சில் என்பதால், ருசி பார்ப்பதும் கிடையாது. நாங்கள் மூவரும் வெறுங்கையுடன் அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஆன்ட்டி சிலுவை போட்டுக்கொண்டு, கண்ணை மூடி ஒரு சின்ன ஜெபம் சொல்லி, ஒரு வாய் குடித்தார்.

இப்போது நினைத்துப் பார்க்கும்போது அந்த முகத்தை நான் சரியாகக் கவனித்திருக்க வேண்டும். புருவம் மேலே போகவில்லை, வாய் கோணவில்லை. முப்பது வருடம் வார்டில் எதையும் முகத்தில் காட்டாமல் பழகிய முகம். தொண்டை மட்டும் ஒருமுறை யோசித்துவிட்டு விழுங்கியது. ஜெரோம் ஒரு வாய் குடித்துவிட்டு என்னையே பார்த்தான். நான் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்தேன். (ஆசையாகப் பார்க்கிறான் என்று நினைப்பு.)

சூசை அங்கிள் பாதி டம்ளரை முடித்துவிட்டு, வந்ததிலிருந்து முதல் தடவையாக வாயைத் திறந்தார்.

"சீனி இல்லாம இருக்கு. நல்லாருக்கு."

அவருக்குச் சர்க்கரை வியாதி, எங்கே போனாலும் இனிப்பு பானத்தைக் கொடுத்துத் திணறடிக்கிறார்கள், ஒரு வீட்டிலாவது நம் உடம்பை நினைத்துப் பார்த்திருக்கிறார்களே என்ற உண்மையான மகிழ்ச்சியில் சொன்ன வார்த்தை அது. அம்மாவுக்கு அது அப்படிப் போய்ச் சேரவில்லை. என்னைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போய், ஒரு டம்ளர் நிறையச் சீனி போட்டிருக்கிறேன், அந்த மனுஷர் குத்திக் காட்டுகிறார், கஞ்சம் என்று ஜாடையாகச் சொல்கிறார் என்று முறையிட்டார். எனக்கும் கோபம் வந்தது. கூடத்துக்குத் திரும்பியதும் அம்மா விறைப்பாக, இஞ்சி ஜீரணத்துக்கு நல்லது என்று அறிவித்தார். உடம்புக்கு நல்லது என்று குடிக்கும்போதே தெரிந்தது என்று ஆன்ட்டி மரியாதையாகச் சொன்னார். அப்பா அதைக் கேட்டு உற்சாகமாகி, எல்லோருக்கும் இன்னொரு டம்ளர் ஊற்றினார். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

பேச்சு நல்லபடியாகவே போனது. கோயிலிலும் வைத்து, தேவாலயத்திலும் வைத்து, இரண்டு முறைப்படியும் செய்யலாம் என்று அப்பா சொல்ல, ஆன்ட்டி மெதுவாகத் தலையை ஆட்டினார். அது சம்மதத்தின் தொடக்கம் என்று எனக்குத் தோன்றியது. அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. எதையாவது பார்க்க வேண்டுமே என்று தொட்டியைப் பார்த்தேன்.

தண்ணீர் கலங்கியிருந்தது. காலையில் கண்ணாடி மாதிரி இருந்த பழுப்பு, இப்போது அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றியது போல மங்கியிருந்தது. மீன்கள் எல்லாம் மேற்பரப்பில் வரிசையாக வாயை வைத்துக் காற்றை விழுங்கிக்கொண்டிருந்தன. கூட்டம் கலையவில்லை. மூச்சுத் திணறுவதையும் ஒன்றாகவே செய்தன.

சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் போனேன். சாம்பிராணிக்கு நடுவே மெலிதாக ஒரு வாசனை வந்தது. விரலைத் தண்ணீரில் விட்டு நாக்கில் வைத்தேன். இனித்தது. இஞ்சி காரமாக ஏறியது.

அந்த நிமிடத்தில் என் மூளை செய்த வேலையைக் கல்லூரித் தேர்வில் செய்திருந்தால் நான் வேறு எங்கோ இருந்திருப்பேன். தேநீர் தொட்டியில் இருக்கிறது. பிரிட்ஜில் மிஞ்சியது ஒரே ஒரு ஜக். திரும்பிப் பார்த்தேன். அப்பா மூன்றாவது டம்ளரை சூசை அங்கிளிடம் நீட்டிக்கொண்டிருந்தார்.

பேசாமல் இருந்துவிடலாம். யாருக்கும் தெரியாது. அவர்கள் இன்னும் அரைமணி நேரத்தில் நல்ல வார்த்தை சொல்லிவிட்டுப் போவார்கள், மீன்கள் செத்துப்போகும், நான் கல்யாணம் செய்துகொள்வேன். தொட்டியைச் சுத்தம் செய்யத் தொடங்கினால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று கேட்டால் தேநீரைச் சொல்ல வேண்டும். தேநீரைச் சொன்னால் அடுத்த கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது, அதுதான் பிரச்சினை. எனக்கு ஜெரோம் வேண்டும். அந்தப் பன்னிரண்டு வாய்களையும் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கவும் முடியவில்லை. அழுகை வந்தது.

குளியலறைக்குப் போய் அம்மாவின் சிவப்பு வாளியை எடுத்து வந்தேன். பட்டுச்சேலையில் வாளியோடு கூடத்தில் நின்ற என்னைப் பார்த்து அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு, இப்பவா என்றார். ஆன்ட்டி எழுந்து தொட்டிக்கு வந்தார்.

"மூச்சு வாங்குது பாரு. என்னம்மா ஆச்சு?"

"தெரியாம தேயைத் தொட்டில ஊத்திட்டேன் ஆன்ட்டி. சீனி போட்ட தே."

அப்பா சத்தமாகச் சிரித்தார். தன் மகள் எவ்வளவு வெகுளி என்று சம்பந்தியிடம் காட்டுகிற சிரிப்பு. சிரித்துக்கொண்டே ஆன்ட்டியின் முகத்தைப் பார்த்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். ஆன்ட்டி கையிலிருந்த டம்ளரை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி, மருந்துப் புட்டியைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தே தொட்டில இருக்குன்னா, நாங்க குடிச்சது என்ன?"

ஜெரோம்தான் தரையைப் பார்த்தபடி சொன்னான். "மீனுக்கு ஊத்துற இலைத்தண்ணி, மா. நான் ஃபர்ஸ்ட் வாயிலேயே கண்டுபிடிச்சிட்டேன் லா."

எந்த இலை என்று ஆன்ட்டி கேட்டார். கீழே கார் நிறுத்துமிடத்து கெத்தாப்பாங் என்றேன். மரத்தில் பறித்ததா, தரையில் பொறுக்கியதா என்றார். பொறுக்கியது என்றேன். அம்மா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கழுவினாயா, கொதிக்கவைத்தாயா, எவ்வளவு நேரம் என்று ஆன்ட்டி வரிசையாகக் கேட்க, நான் பதில் சொல்ல, ஒரு வார்டையே வலம் வந்த மாதிரி இருந்தது. குக்கரில் நன்றாகக் கொதித்தது என்றதும், அப்படியானால் ஒன்றும் ஆகாது என்று முடிவாகச் சொல்லிவிட்டு டம்ளரை மேசைமேல் வைத்தார்.

"கசப்பா இருக்கே, துவர்ப்பா இருக்கேன்னு பார்த்தேன். உங்க புத்தாண்டுக்கு வேப்பம்பூ சாப்பிடுவீங்களாமே. அது மாதிரி சம்பந்தம் பேசறப்போ குடிக்கிற வழக்கம்னு நெனச்சோம். மதிக்கணும்னு இவர்தான் ட்ரெயின்ல சொல்லிக் கூட்டிட்டு வந்தார்."

சூசை அங்கிள் தலையாட்டினார். மூன்றாவது டம்ளர் அவர் கையில் பாதி காலியாக இருந்தது.

அதற்குப் பிறகு நடந்தது எதுவும் என் கட்டுப்பாட்டில் இல்லை. ஆன்ட்டி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு பொறுப்பை ஏற்றார். ஆக்சிஜன் பத்தவில்லை, தண்ணீரை மாற்று என்று உத்தரவு. நான் குழாய்த் தண்ணீரில் குளோரினை நீக்கும் மருந்து விட்டு வாளியை நிரப்பினேன், ஜெரோம் வலையில் மீன்களைப் பிடித்தான், அப்பா பழைய தண்ணீரைக் கழிப்பறைக்குச் சுமந்தார். வாளித் தண்ணீரில் காற்று கலக்க வேண்டும் என்று ஆன்ட்டி சொன்னதும், சூசை அங்கிள் மளமளவென்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு, இரண்டு குவளைகளை எடுத்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தலைக்கு மேலே தூக்கித் தூக்கி ஆற்றினார். சிறுவயதில் அவருடைய மாமாவின் சாப்பாட்டுக் கடையில் தே தாரிக் எனும் நுரைத் தேநீரை ஆற்றிய கை என்று அன்றுதான் தெரிந்தது. ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை. அம்மா மட்டும் எழுந்திருக்கவே இல்லை. சீனி விஷயத்தில் அந்த மனிதரைத் தவறாக நினைத்துவிட்டோமே என்ற வருத்தம் ஒரு பக்கம், ஒரு வாய் ருசி பார்த்திருக்கலாமே என்ற வருத்தம் மறுபக்கம்.

மூன்று மீன்கள் போய்விட்டன. மற்றவை மாலைக்குள் வாளியின் அடிக்கு இறங்கி, ஒன்றாகத் திரும்பத் தொடங்கின. ஆன்ட்டி கை கழுவிக்கொண்டு, கேக்கை வெட்டச் சொன்னார், மூவரும் ஆளுக்கொரு துண்டு சாப்பிட்டுக் கிளம்பினார்கள். கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. லிஃப்ட் கதவு மூடியதும் எல்லாம் முடிந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. செத்த மீன்களை ஒரு பூந்தொட்டியில் புதைத்தேன். அழுதது மீன்களுக்காக மட்டும் இல்லை.

மறுநாள் வேலைக்கு வந்த ஜெரோம் நடந்ததைச் சொன்னான். ரயில் நகரத்தைத் தாண்டியதும் அங்கிள் தோள் குலுங்கச் சிரிக்கத் தொடங்கி, எதிரே இருந்தவர்கள் இடம் மாறி உட்காரும் அளவுக்குப் போயிருக்கிறார். ஆன்ட்டி சிரிக்கவில்லை. வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றும்போதுதான் தீர்ப்பைச் சொன்னாராம்.

"தப்புப் பண்ணிட்டு உடனே வந்து சொல்ற நர்ஸை நான் ஒருநாளும் வேலையை விட்டு அனுப்பினதில்ல. கல்யாணத்தப் பண்ணிக்க. ஆனா மருந்து அலமாரிச் சாவிய மட்டும் அவகிட்ட குடுக்காத."

இரண்டு முறைப்படியும் கல்யாணம் நடந்தது. இப்போது பூன் லேயில் எங்களுக்கென்று ஒரு வீடு, கூடத்தில் அந்தத் தொட்டி, அந்த மீன்களின் பேரப்பிள்ளைகள். இலைத்தண்ணீருக்கு மூடியில்லாத பழைய பெயின்ட் டப்பா ஒன்று, அது வீட்டுக்கு வெளியே இருக்கும். ஆன்ட்டி எனக்கு அத்தை ஆகிவிட்டார், அங்கிள் மாமா ஆகிவிட்டார். மாமா இன்றைக்கும் சில சனிக்கிழமைகளில் சமையலறைக்கு வந்து, அந்தச் சீனி இல்லாத பானம் இருக்கிறதா என்று முகத்தில் எந்தச் சிரிப்பும் இல்லாமல் கேட்பார்.

ஆனால் அத்தை ஒரு சட்டம் போட்டுவிட்டார். நான் எதைக் கொடுத்தாலும், தண்ணீராகவே இருந்தாலும், டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு, "நீ முதல்ல குடி" என்பார். நான் ஒரு வாய் குடிக்க வேண்டும். அவர் என் முகத்தையும் நகத்தையும் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் காத்திருப்பார். அப்புறம் குடிப்பார். கிறிஸ்துமஸ், தீபாவளி எதுவானாலும் மொத்தக் குடும்பமும் டம்ளரைக் கையில் பிடித்தபடி நான் குடிக்கும்வரை காத்திருக்கும். எங்கள் அப்பா உட்பட. அம்மா இதில் கலந்துகொள்வதில்லை, ஆனால் குடிப்பதுமில்லை.

போன மாதம் வீட்டை ஜெபம் சொல்லி மந்திரிக்க, தேவாலயத்திலிருந்து பங்குச் சாமியார் வந்திருந்தார். இந்தியாவிலிருந்து புதிதாக வந்தவர். எங்கள் மகள் ரோஸிக்கு நான்கு வயது, வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பதை அவள் தன் வேலையாக எடுத்துக்கொண்டிருக்கிறாள். ஆரஞ்சு ஜூஸ் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள். அவர் கை நீட்டினார். ரோஸி டம்ளரைத் தன் பக்கம் இழுத்து, நிதானமாக ஒரு வாய் குடித்தாள். பிறகு அவரையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

"எனக்கு ஒண்ணும் ஆகல, ஃபாதர். இப்ப குடிங்க."

எனக்குத் தரையில் புதைந்துவிடலாம் போலிருந்தது. சாமியார் டம்ளரைப் பார்த்தார், சுவரில் ஒன்றாகத் தொங்கிய முருகனையும் இயேசுவையும் பார்த்தார், கடைசியில் சோபாவில் உட்கார்ந்திருந்த அத்தையைப் பார்த்தார். அத்தையின் முகத்தில் ஒன்றும் அசையவில்லை.

"குடிங்க ஃபாதர். எங்க மருமக வீட்டு வழக்கம்."

அவர் மரியாதையாகத் தலையை ஆட்டி, சிலுவை போட்டுக்கொண்டு, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தார்.